நள்ளிரவில் விழுந்த ஐந்து தையல்

தையல் மிஷினுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போன சிங்கரின் கதை

மதுரையில் அவர் பெயரைச் சொல்லாத வீதி கிடையாது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார் என்பதைப் பலர் நினைத்துப் பார்த்ததே இல்லை. சிங்கர் என்றால் மிஷின். கறுப்பு உடம்பு, பொன் எழுத்து, காலடியில் இரும்பு மிதி. அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த சிங்கர்!

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில், கற்சிலைகளுக்கு நடுவே தையற்காரர்கள் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலம் நெடுங்காலம். அண்மை ஆண்டுகளில் அந்தக் கடைகள் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. சித்திரைத் திருவிழாவில் அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் உடுத்தும் சல்லடமும் தலைப்பாகையும், தேரிலும் சப்பரத்திலும் தொங்கும் தொம்பைகளும் அங்கே தைத்துக் கொடுப்பார்கள். சிவப்புத் துணியின் மேல் மஞ்சள் துணியை வைத்து, அதன் வளைவு விளிம்போடு ஊசி ஓடும். துணி அந்தக் கைகளில் நாலா பக்கமும் திரும்பும். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது வெகு சுலபமாகத் தோன்றும்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் சங்கதி!

நேர்கோட்டில் தைக்க ஒரு வாரத்தில் யாரும் பழகிவிடலாம். துணியைப் பின்னால் நகர்த்தும் வேலையை ஊசிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பற்கள் பார்த்துக்கொள்ளும். மிஷினில் பூவேலை செய்வதும், பழைய புடவைகளை அடுக்கி நடுவே பஞ்சு வைத்து, கொடியும் சுழியுமாகத் தைத்துப் போர்வை ஆக்குவதும் அப்படி அல்ல. பற்களை இறக்கிவிட வேண்டும், அல்லது தகடு வைத்து மூடிவிட வேண்டும். துணியை அழுத்தும் காலையும் கழற்றிவிட வேண்டும். பிறகு துணியை நகர்த்துவது முழுக்கக் கையின் பொறுப்பு. புதிதாக உட்கார்ந்த பெண்ணுக்கு விரலில் ஊசி ஏறிவிடுமோ என்று நடுக்கம். நூல் பட்டென்று அறுகிறது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் குருவிக்கூடு போல நூல் சிக்கல். நமக்கு இது வராது என்று எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

அந்த மிஷின் மேல் பெயர் பொறித்திருக்கிறதே, அந்த மனிதரும் ஒரு நாள் இதே சிக்கலைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்தான்.

மேடைப் பித்து

ஐசக் மெரிட் சிங்கர் 1811-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த பிட்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். பையனுக்குப் பத்து வயதாகும்போது தாய் தந்தையர் விவாகரத்து செய்துகொண்டார்கள். பன்னிரண்டு வயதுக்குள் பையன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான்.

பத்தொன்பதாவது வயதில் ஒரு பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். சில மாதங்கள்தான் நிலைத்தார். ஊருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. பட்டறையை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விட்டார். ஆங்கிலத்தில் சிங்கர் என்றால் பாடகர் என்று பொருள்; பெயருக்கேற்றபடி அவர் விரும்பியதும் மேடையைத்தான். ஆறடிக்கு மேல் உயரம், கம்பீரமான குரல். நடிப்பு மட்டும் சுமார்.

1839-ல் பாறையைத் துளைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. வேறொருவராக இருந்தால் பட்டறை வைத்திருப்பார். சிங்கர் சொந்த நாடகக் கம்பெனி வைத்தார்! ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். பணம் கரைந்தது.

பிறகு மர எழுத்துச் செதுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1850-ம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் அது வைக்கப்பட்டிருந்த பட்டறையில் கொதிகலன் வெடித்தது. இயந்திரம் தூள் தூளாகிப் போயிற்று. ஜார்ஜ் ஸீபர் என்ற புத்தக வியாபாரி மனமிரங்கிப் பணம் கொடுத்தார். இன்னொரு இயந்திரம் செய்துகொண்டு இருவரும் பாஸ்டன் நகரத்துக்குப் போனார்கள். ஆர்ஸன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் ஒரு மூலை வாடகைக்குக் கிடைத்தது. எழுத்து இயந்திரத்தை வாங்க ஆள் வரவில்லை.

அந்தப் பட்டறையில் வேறு சில இயந்திரங்கள் பழுது பார்க்க வந்துகொண்டே இருந்தன. அவை தையல் மிஷின்கள்.

பதினோரு நாள்

தையல் மிஷினை முதலில் கண்டுபிடித்தவர் சிங்கர் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எலியாஸ் ஹவ் என்ற ஏழைத் தொழிலாளி 1846-லேயே பேடண்ட் வாங்கியிருந்தார். ஊசியின் முனையில் காது வைத்து, அடியில் ஓடம் ஓட்டி, இரு நூலையும் பின்னிப் பிணைக்கும் முறை அவருடையது. அதற்கு முன்னும் ஐரோப்பாவில் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அன்றைய மிஷின்களில் நாலு சாண் தைப்பதற்குள் ஏதாவது ஒன்று கோளாறாகிவிடும்.

ஃபெல்ப்ஸும் ஸீபரும் தையல் மிஷினைச் சீர்படுத்திப் பார்க்கச் சொன்னபோது சிங்கர் ஏளனம் செய்தாராம். பெண்களை வாய்மூடி இருக்கச் செய்வது தையல் வேலை ஒன்றுதானே, அதையும் ஒழிக்கப் பார்க்கிறீர்களா என்பது அவருடைய கேலி. பிற்காலத்தில் அந்தப் பெண்களின் காசில் கோடீஸ்வரர் ஆனவர் பேசிய பேச்சு அது!

கேலி செய்தாலும் மிஷினைப் பார்த்ததும் குறை தெரிந்துவிட்டது. வட்டமாகச் சுற்றும் ஓடம் நூலின் முறுக்கைக் குலைக்கிறது. அது நேராகப் போய் வரவேண்டும். ஊசி செங்குத்தாக மேலும் கீழும் இறங்கவேண்டும். துணி படுக்கையாகக் கிடக்க ஒரு மேஜை வேண்டும். துணி எழும்பாமல் அழுத்திப் பிடிக்க ஒரு கால் வேண்டும். படம் போட்டுக் காட்டினார். ஸீபர் 40 டாலர் எடுத்து வைத்தார்.

பதினோரு நாள் இராப்பகலாக வேலை நடந்தது. சாப்பாடு ஒரு வேளைதான். தூக்கம் மூன்று நாலு மணி நேரம். பதினோராம் நாள் இரவு ஒன்பது மணி சுமாருக்குப் பாகங்களை எல்லாம் பொருத்தி முடித்தார்கள். சக்கரத்தைச் சுற்றினார்கள்.

மிஷின் தைக்கவில்லை!

வேலையாட்கள் களைத்துப் போயிருந்தார்கள். இது உருப்படாது என்று ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஸீபர் மட்டும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிங்கர் திருகியும் தட்டியும் பார்த்தார். கை நடுங்கியது. தையல் உருப்படியாக விழவே இல்லை. நள்ளிரவில் இருவரும் பட்டறையை விட்டு விடுதிக்கு நடந்தார்கள். நாற்பது டாலர் போயிற்று. நாடகம் போயிற்று, எழுத்து இயந்திரம் போயிற்று, இதுவும் போயிற்று. சிங்கருக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.

வழியில் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்தார்கள். பேச்சுவாக்கில் ஸீபர், நூல் துணியின் மேல் தளர்ந்து வளையம் வளையமாக நின்றதை கவனித்தீர்களா என்று கேட்டார்.

சிங்கருக்குச் சுருக்கென்றது. ஊசி நூலின் இறுக்கத்தைச் சரிசெய்ய மறந்தே போயிருந்தார்! இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள். விளக்கை ஏற்றினார்கள். இறுக்கத்தைத் திருத்தி மிஷினை ஓட்டினார்கள். ஐந்து தையல் கச்சிதமாக விழுந்தது. உடனே நூல் அறுந்துவிட்டது.

அந்த ஐந்து தையல் போதுமானதாக இருந்தது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மிஷின் தயார். 1851 ஆகஸ்டு 12-ந் தேதி 8,294 என்ற எண்ணுள்ள பேடண்ட் அவருக்குக் கிடைத்தது. பேடண்ட் அலுவலகத்தில் கொடுத்த மாதிரி மிஷின் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

பூவேலை பழகும் பெண்களுக்கு இந்தக் கதையில் ஒரு காரியம் இருக்கிறது. மிஷினின் பின்பக்கம் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு; காலைத் தூக்கவும் இறக்கவும் அதுதான் கருவி. அது தூக்கியிருக்கும்போது மேல்நூலைப் பிடிக்கும் தட்டுகள் திறந்துகொள்ளும், நூலுக்கு இறுக்கம் இராது. பூவேலைக்குக் காலையே கழற்றிவிடுவதால், இறக்குவதற்குத்தான் ஒன்றும் இல்லையே என்று நெம்புகோலைத் தூக்கியபடியே விட்டுவிடுவார்கள். மேல்நூல் தாராளமாக இறங்கி அடியில் குருவிக்கூடு கட்டும். கை வரவில்லை என்று கண்கலங்கும் பெண்ணுக்குப் பல சமயம் கையில் குறை இல்லை. நெம்புகோலை இறக்க மறந்ததுதான் குறை. பாஸ்டனில் அன்றிரவு சிங்கர் மறந்ததும் அதே இறுக்கம்தான்.

பயத்தைப் போக்கிய நடிகர்

மிஷின் தைத்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. தையற்காரர்கள் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று பயந்தார்கள். வீட்டுக்காரர்களோ, இயந்திரத்தை இயக்கப் பெண்களுக்குத் திறமை போதாது என்று நினைத்தார்கள். பெண்களில் பலரும் அதையே நம்பினார்கள்.

இந்த இடத்தில்தான் மேடைப் பித்து கைகொடுத்தது. சிங்கர் மிஷினைத் தூக்கிக்கொண்டு பொருட்காட்சி, சர்க்கஸ் கூடாரம், ஊர் மண்டபம் என்று போனார். கூட்டத்தின் நடுவே தைத்துக் காட்டினார். தையற்காரியின் துயரத்தைச் சொல்லும் பாட்டைப் பாடியும் காட்டுவார் என்பார்கள். அதோடு நிற்கவில்லை. ஆண்பிள்ளை தைத்துக் காட்டினால் பெண்களின் பயம் போகாது என்பதைக் கண்டுகொண்டார். நியூயார்க் பிராட்வே வீதியில் பெரிய கடை திறந்து, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இளம்பெண்களை உட்காரவைத்துத் தைக்கச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நம்மைப் போன்ற பெண்தானே தைக்கிறாள் என்ற எண்ணம் வந்தது. வாங்கியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆள் வைத்தார்கள். பாதிரிமார்களின் குடும்பத்துக்குப் பாதி விலை. அவர்கள் வீட்டில் ஒரு மிஷின் ஓடினால் அந்தச் சபையே திரும்பிப் பார்க்கும் அல்லவா?

கால்மிதியும் ஒரு வேடிக்கையான கதை. மிஷினை அனுப்பும் மரப்பெட்டியையே மேஜையாகக் கவிழ்த்து, அதன் அடியில் மிதி வைத்து ஓட்ட ஏற்பாடு செய்தார் சிங்கர். இரண்டு கையும் துணிக்குக் கிடைத்தன. அந்த மிதிக்குப் பேடண்ட் வாங்க மறந்துவிட்டார். போட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலால் மிதித்துக் கையால் துணியைத் திருப்பும் அத்தனை வேலையும் அந்த மரப்பெட்டியின் வாரிசு.

விலைதான் பெரிய தடை. ஒரு மிஷின் 125 டாலர். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே 500 டாலர் அளவில். கூட்டாளியாகச் சேர்ந்திருந்த எட்வர்ட் கிளார்க் என்ற வக்கீல் 1856-ல் தவணை முறையைக் கொண்டுவந்தார். ஐந்து டாலர் கொடுத்து மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம். ஒரே ஆண்டில் விற்பனை மூன்று மடங்காயிற்று. பணம் சேரும் வரை காத்திராமல் மிஷின் முதலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆள் இல்லாத நேரத்தில் தப்பும் தவறுமாகத் தைத்துப் பழகலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

மறுபக்கம்

எலியாஸ் ஹவ் வழக்குப் போட்டார். 1854-ல் ஹவ் வென்றார். சிங்கர் 15,000 டாலர் கட்ட நேர்ந்தது. பிறகு பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து பேடண்டுகளைப் பொதுவில் வைத்துக்கொண்டன. ஹவ்வுக்கு மிஷினுக்கு இவ்வளவு என்று பங்கு கிடைத்தது. அவரும் பணக்காரராகத்தான் 1867-ல் கண்மூடினார்.

விளக்குப் பிடித்த ஸீபர் கதை அப்படி அல்ல. அவர் நோயாகப் படுத்திருந்தபோது, பிழைப்பது கடினம் என்று வைத்தியர் சொன்னதாகச் சிங்கர் அவரிடம் சொல்லி, 6,000 டாலருக்கு அவர் பங்கை எழுதி வாங்கிக்கொண்டார். ஸீபர் பிழைத்தெழுந்தார். வைத்தியர் அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்ததாம். அந்த நள்ளிரவில் ஸீபர் வாய் திறந்திராவிட்டால் சிங்கர் ஏது?

குடும்ப விஷயமும் அழகாக இல்லை. காதரின் என்பவரை 1830-ல் மணந்தார். சில ஆண்டுகளில் அவரை விட்டுப் பிரிந்து மேரி ஆன் என்ற பெண்ணோடு வாழ்ந்தார். மேலும் இரு பெண்களோடு, ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனிக் குடும்பம். 1860-ல் நியூயார்க் வீதியில் ஒரு வண்டியில் இன்னொருத்தியோடு போன சிங்கரை மேரி ஆன் பார்த்துவிட்டார். ஊர் சிரித்தது. சிங்கர் ஐரோப்பாவுக்கு ஓடினார். பின்னர் இஸபெல்லா என்ற பாரிஸ் நகரப் பெண்ணை 1863-ல் மணந்தார். பிறந்த குழந்தைகள் இருபதுக்கு மேல். கடைசிக் காலத்தில் இங்கிலாந்தின் தென்கடலோரம் பெயிண்டன் என்ற ஊரில் மாளிகை கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1875 ஜூலை 23-ந் தேதி இறந்தார். விட்டுப்போன சொத்து ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்குக் குறையாது.

மதுரைச் சீமைக்கு வந்த வழி

அவர் மிஷின்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. 1885 முதல் ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரைத் தொழிற்சாலை அவற்றை ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளியது. இங்கும் தவணை முறை வந்தது. வீட்டுப் பெண்களுக்கு முன்னால் கடைத் தையற்காரர்களே அதிகம் வாங்கினார்கள்.

1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரை வந்து மேலமாசி வீதியில் தங்கினார். சட்டையையும் தொப்பியையும் விட்டு நாலு முழத் துண்டுக்கு மாறியது அங்கேதான். 22-ந் தேதி காலை அந்தக் கோலத்தில் வெளியே வந்தார். தைத்த துணியையே துறந்தவர், மூன்று ஆண்டு கழித்து 1924-ல் டில்லியில் ஒரு தையல் மிஷினுக்கு நற்சான்று கொடுத்தார்! சாந்திநிகேதன் மாணவர் ஜி.ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டபோது, விலக்காக முதலில் சொன்னது சிங்கர் மிஷினைத்தான். மனைவி ஊசியோடு மாரடிப்பதைக் காணப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியடிகள் கேட்டிருந்த கதை.

கதை தவறு. சிங்கர் செய்தது காசுக்காக. மனைவியை அவர் பிரிந்தே பல காலம் ஆகியிருந்தது. ஆனால் அந்த மிஷின் கோடிக்கணக்கான வீடுகளில் பெண்களின் கை நோவைக் குறைத்தது என்னவோ மெய். கேள்வி கேட்ட ராமச்சந்திரன், பிற்பாடு மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரத்தை மணந்தார். அந்தத் தம்பதிதான் 1947-ல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்கள்.

பற்களை இறக்கிய பின்

துணியைத் தானே நகர்த்தும் நால்வழி இரும்புப் பற்களும் சிங்கரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆலன் வில்ஸன் என்பவர் 1854-ல் அதற்குப் பேடண்ட் வாங்கினார். பிற்காலத்தில் எல்லா மிஷின்களிலும் அது ஏறியது. பூவேலைக்காரர்கள் செய்வதெல்லாம் அந்த வில்ஸனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, கையை உட்காரவைப்பதுதான். சாதாரணக் குடும்ப மிஷினிலேயே ஓவியம் போலப் பூவேலை செய்யலாம் என்பதைக் காட்ட, சிங்கர் கம்பெனியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடப் புத்தகம் போட்டது. நம் ஊர்த் தையல் வகுப்புகளில் வளையத்தில் துணியைப் பூட்டிக் கற்றுக்கொடுக்கும் மிஷின் எம்பிராய்டரியும் அந்த வழிதான்.

கால் ஒரு தாளத்தில் மிதிக்க, கை வேறு தாளத்தில் நகரவேண்டும். கை அவசரப்பட்டால் தையல் நீண்டு பல்லிளிக்கும். கை தயங்கினால் தையல் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சாகும். பயந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் காலை வேகமாக மிதிப்பார்கள். அதனால்தான் பயந்தவர்களுக்கு நூல் அதிகம் அறுகிறது. மிதியைத் தொடங்கும்போது சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிட்டாலும் நூல் அறும். ஆகையால் கையால் சக்கரத்தை முன்பக்கம் தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். அடிநூலை மேலே இழுத்து, இரண்டு நுனியையும் இடக்கையால் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு மூன்று தையலைப் போட்டால் சிக்கல் பாதி குறையும்.

நல்ல துணியில் தொடங்கக் கூடாது. பழைய வேஷ்டியை இரண்டாக மடித்து நடுவே மெல்லிய பஞ்சு வைத்தால் போதும். மூன்றடுக்கும் கையில் நன்றாகப் பிடிபடும், வளையம்கூட வேண்டாம். ஊசியையே வெறித்துப் பார்க்காமல், அடுத்துப் போகவேண்டிய இடத்தைப் பார்த்து நகர்த்த வேண்டும். பூப் போடுவதற்கு முன் தன் பெயரை எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். பேனா அசையாமல் காகிதம் அசைவது போன்ற வேலை இது. முதல் நாள் எழுத்து யாருக்கும் புரியாது. சில நாளில் 'ட'வும் 'ப'வும் நேராகிவிடும். சுழித்துத் திரும்பிவரும் 'ஐ'யும் 'ஞ'வும்தான் கடைசியில் வசப்படும்.